மூன்று பிள்ளைகளும் ஒரு சேலைக் கிழிசலும்

ஆகாய விமானத்தில் தூளி கட்ட முடியாது. இதை நான் தெரிந்துகொண்டது அரபிக் கடலுக்கு மேலே, மேகங்களுக்கும் மேலே.

கைக்குழந்தை கௌரி அழுதுகொண்டிருந்தாள். என் தலைக்கு மேலே பைகள் வைக்கிற தட்டு. அதன் ஓரத்தில் நல்ல உறுதியான கம்பி. கம்பியைக் கண்டதும் கை சும்மா இருக்குமா? பையிலிருந்து ஒரு சேலையை உருவி, எழுந்து நின்று, ஒரு முனையை அதில் போட்டு இழுத்தும் பார்த்துவிட்டேன். விமானப் பணிப்பெண் ஓடி வந்தாள். அவள் பம்பாய்ப் பெண். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. இரண்டு கைகளையும் ஆட்டி, கண்ணை உருட்டி, கூடாது என்று புரியவைத்தாள். பிறகு எங்கிருந்தோ ஒரு கித்தான் தொட்டிலைக் கொண்டுவந்து எதிர்ச் சுவரில் மாட்டினாள்.

அதுவும் தொங்கத்தான் செய்தது. ஆனால் ஆடவில்லை. ஆடாத தூளியை எங்கள் வீட்டில் எந்தக் குழந்தையும் ஒப்புக்கொண்டதில்லை. கௌரி முன்னிலும் அதிகமாகக் கத்தினாள். சற்று நேரத்தில் விமானமே ஆடத் தொடங்கியது. பெரியவர்கள் எல்லோரும் முகம் வெளுத்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கௌரி தூங்கிவிட்டாள்.

நான் புதுச்சேரி உப்பளத்துப் பெண். அம்மாவும் அப்பாவும் நூல் மில் தொழிலாளிகள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். பிரெஞ்சுப் பள்ளியின் 'செர்த்திபிக்கா' பரீட்சையில் தேறியபோது, அப்பா அந்தக் காகிதத்தைத் தெருவில் எல்லோரும் தொட்டுப் பார்க்கக் கொடுத்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவந்தார். பாஸ்போர்ட்டில் என் பெயரைத் தனலட்சுமி என்று பிரெஞ்சு எழுத்தில் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வீட்டில் மற்றவர்களுக்குக் கைநாட்டுத்தான்.

என் கணவரும் அதே மில்லில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தாவாக, சேர்ந்தவர். கடைசியாக விடுப்பில் வந்து போனபோது கௌரி என் வயிற்றில் இருந்தாள். இப்போது அவளுக்குப் பத்து மாதம். பாரிசுக்கு வெளியே பட்டாளத்துக் குடியிருப்பில் அவருக்கு ஒரு வீடு கிடைத்திருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் குடும்பம் வந்து சேராவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கடிதம் எழுதியிருந்தார்.

எங்களோடு அவருடைய அண்ணன் வருவதாக இருந்தது. அவருடைய காகிதங்கள் வரவில்லை. புதுச்சேரியிலேயே சாரம் பகுதியில் மாமனார் வீட்டில் எல்லோரும் கூடிப் பேசினார்கள்.

"ஆறு மாசம் பொறுத்தா பெரியவனோட கப்பல்ல போவலாம்," என்றார் மாமனார்.

"ஆறு மாசத்துல வீடு போயிடும் மாமா. நான் தனியா போறேன்."

"மூணும் நண்டு சிண்டுங்க. ஒண்ண தூக்குனா ஒண்ணு ஓடும். நடுவுல ஒரு புள்ளய தொலைச்சிட்டுப் போயி நின்னா, அவன்கிட்ட என்னான்னு சொல்லுவ?"

"தொலைச்சா என் பேர மாத்திக்கிறேன்!"

மாமனார் சிரித்துவிட்டார். "படிச்ச பொண்ணு. எழுதிக் குடுத்துடு."

எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் சாரத்திலிருந்து கிளம்பி ஊரெல்லாம் சுற்றிவிட்டது. பெரிய மார்க்கெட்டில் கீரைக்காரி கட்டை அவிழ்த்துக்கொண்டே, "ஏம்மா, புதுப் பேரு என்னான்னு யோசிச்சி வச்சிட்டியா?" என்றாள். இனி நான் பிள்ளைகளைத் தொலைக்கவே முடியாது.

முதல் நாள் மதராஸுக்குப் பஸ் ஏறினோம். மல்லிகாவுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது. சேகருக்கு மூன்று நிரம்பவில்லை. பஸ் உறுமிக்கொண்டு நிற்கும்போது அம்மா மில்லிலிருந்து நேராக ஓடி வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. கையில் நீளமாகக் கிழித்த பழைய சேலைத் துண்டுகள்.

"இந்தா, புடி. பெருசு இடுப்புல ஒண்ணு, பையன் இடுப்புல ஒண்ணு, முனை உன் கையில. மில் முடிச்சா போடு."

"என்னாம்மா, ஆட்டுக்குட்டியா அதுங்க? ஏரோப்ளேன்ல எல்லாரும் பாத்து சிரிப்பாங்க."

"சிரிக்கிறவன் உன் புள்ளய புடிச்சிக் குடுப்பானாடி?"

மில் முடிச்சு என்பது நூல் அறுந்தால் ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடி ஒரு கையால் போடுவது. இழுக்க இழுக்க இறுகும். வாலைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் அவிழும். சிறு வயதில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன நாட்களில் எனக்கும் கைவந்தது. துண்டுகளை வாங்கிப் பையின் அடியில் திணித்தேன். பஸ் திண்டிவனம் தாண்டுவதற்குள் சேகர் இரண்டு முறை படிக்கட்டு வரை போய்விட்டான். எடுத்துக் கட்டினேன்.

மறுநாள் மீனம்பாக்கத்தில் விமானத்தைப் பக்கத்தில் பார்த்தோம். வெள்ளித் தகடு போல வெயிலில் மின்னியது. சேகர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத யாரும்மா தள்ளுவாங்க?" என்றான். எங்கள் தெருவில் அவன் பார்த்ததெல்லாம் கைவண்டிகள்.

கிளம்பும்போது ஒரு தட்டில் மிட்டாய் கொண்டுவந்தார்கள். காது அடைக்காமல் இருக்கச் சப்பவேண்டுமாம். சேகர் தன்னுடையதை விழுங்கிவிட்டு, பணிப்பெண்ணின் பின்னாலேயே போகப் பார்த்தான்; கட்டு இழுத்து நிறுத்தியது. மல்லிகா வாயில் போடாமல் கவுன் பையில் வைத்துக்கொண்டாள். "அப்பாவுக்கு," என்றாள். காது வலித்தும் சப்பவில்லை. அவளுக்கு அவரை நினைவிருக்கிறதா, அல்லது நான் சொல்லிச் சொல்லி நினைவு வந்ததா, எனக்குத் தெரியாது. சேகருக்குச் சுத்தமாக நினைவில்லை. கௌரி பார்த்ததே இல்லை.

சக்கரம் தரையை விட்டதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றிருந்தது. எங்கள் பரம்பரையில் இதுவரை அதிக உயரத்துக்குப் போனவர் தென்னை மரம் ஏறிய என் சித்தப்பாதான்.

பம்பாயில் விமானத்தார் ஒரு விடுதியில் தங்கவைத்தார்கள். அங்கே ஆள் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தொட்டி, குழாயைத் திருகினால் சுடுதண்ணீர். குளிப்பதற்கென்று பிறகுதான் சொன்னார்கள். அதற்குள் நான் கௌரியின் துணிகள் அத்தனையும் அதில் போட்டுத் துவைத்து அலசிவிட்டேன். நாற்பது துணிகளுக்கு அதைவிட வசதியான தொட்டி எங்கள் ஊரில் கிடையாது. காயாத துணிகளை மறுநாள் விமானத்துக்குள் சன்னல் திரைக் கம்பியில் வரிசையாக மாட்டினேன். அதைப் பணிப்பெண் தடுக்கவில்லை. தூளியோடு ஒப்பிட்டால் இது பரவாயில்லை என்று விட்டிருப்பாள்.

என் பக்கத்தில் ஒரு குஜராத்திப் பெரியவர். லண்டனில் மகனைப் பார்க்கப் போகிறார். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. நான் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை நீட்டினேன். அவர் வெந்தயக்கீரை ரொட்டியை நீட்டினார். அதன் பிறகு உறவு உறுதியாகிவிட்டது. கௌரியை அவர் மடியில் வைத்துக்கொண்டால், நான் சேகரை மூன்றாவது தடவை கழிவறைக்கு அழைத்துப் போவேன். அங்கே தண்ணீர் 'உஸ்' என்று போவதைக் கேட்கத்தான் அவன் போனான்.

விமானத்தார் கொடுத்த சாப்பாட்டில் மஞ்சளாக ஒரு துண்டு இருந்தது. ஃப்ரொமாழ், பிரெஞ்சுக்காரர்களின் பாலாடைக்கட்டி! பள்ளிப் பாடத்தில் காக்கை மூக்கில் வைத்துக்கொண்டிருந்த படத்தில் பார்த்திருக்கிறேன். எத்தனையோ முறை அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். வாயில் வைத்தேன். மூன்று நாள் மறந்துபோன தயிரில் உப்புப் போட்டதுபோல் இருந்தது. காக்கைக்கு அது பிடித்ததில் ஆச்சரியமில்லை. நான் முழுவதையும் தின்றேன். பிரான்சுக்குப் போகிறவள் பழகவேண்டாமா?

விடியுமுன் பம்பாயை விட்டவர்கள் பெய்ரூட்டில் இறங்கியபோது அங்கே காலை வேளை. சூரியனும் எங்களோடேயே மேற்கே வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, இரண்டும் நீலம். விமானத்துக்கு எண்ணெய் போடும்வரை பயணிகள் நிலையக் கட்டடத்துக்குள் இருக்கவேண்டும். இடுப்பில் கௌரி, மணிக்கட்டில் சேலை முனை, முன்னால் மல்லிகா, நடுவில் சேகர். இப்படி வரிசையாகப் படியிறங்கினோம்.

எங்களுக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுக் குடும்பம். பம்பாயில் ஏறியவர்கள். நீலத் தொப்பி வைத்த அந்தப் பெண், தன் கணவரிடம் பிரெஞ்சில் சொன்னாள்:

"பாருங்களேன், சந்தைக்கு ஆடு ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி!"

எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பாள். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. இலக்கணம் முதற்கொண்டு புரிந்தது. முகம் சுட்டது. கட்டடத்துக்குள் நுழைந்ததும் இரண்டு முடிச்சையும் சுண்டி அவிழ்த்துத் துண்டைப் பைக்குள் போட்டேன். மல்லிகாவின் கையில் தம்பி கையைக் கொடுத்து, "விடாத," என்றேன். நிமிர்ந்து, அந்தப் பெண்ணைப் பார்த்து, "போன்ழூர், மதாம்," என்றேன். அவள் தொப்பிக்குள்ளேயே சிவந்தாள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

பிறகு கௌரியை ஒரு பெஞ்சில் கிடத்தித் துணி மாற்றினேன். அவ்வளவு நேரம்தான். திரும்பினால் மல்லிகா மட்டும் நிற்கிறாள்.

"தம்பி எங்க?"

"போய்ட்டான்."

"எங்கடி போனான்?"

"சாப்புட."

"இப்பத்தான் வயிறு முட்ட தின்னான்! எந்தப் பக்கம் போனான், அதச் சொல்லு!"

மல்லிகா அழத் தொடங்கினாள். கௌரியைக் குஜராத்திப் பெரியவர் கையில் போட்டேன், மல்லிகாவை அவர் பக்கத்தில் உட்கார்த்தினேன், ஓடினேன். கண்ணாடிக் கதவுகள். வெளியே நான்கைந்து விமானங்கள், எல்லாம் வெள்ளி, எல்லாம் ஒரே மாதிரி. ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு விமானத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டார்கள். எந்த ஊருக்கு என்று புரியவில்லை. கூட்டம் கூட்டமாக மனிதர்கள் எழுந்து ஒரு கதவு வழியாகப் போகிறார்கள். அந்தக் கால்களுக்கு நடுவே என் பிள்ளை இருந்தால்? மாமனாரும் கீரைக்காரியும் என் பேரும் நினைவுக்கு வந்தது பிறகுதான். அந்த நேரத்தில் அவன் சிவப்புச் சட்டையைத் தவிர உலகத்தில் ஒன்றும் இல்லை.

மேசைக்குப் பின்னால் ஒரு மீசைக்காரர் நின்றார். பெய்ரூட்டில் பிரெஞ்சு பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். "முசியே, என் மகனைக் காணவில்லை. மூன்று வயது. சிவப்புச் சட்டை. நெற்றியில் வெள்ளையாகக் கோடு இருக்கும்." என் வாழ்நாளில் பேசிய பிரெஞ்சில் அதுதான் பிழையே இல்லாதது.

அவர் அரபியில் ஒரு சத்தம் போட்டார். மூன்று பேர் மூன்று பக்கம் ஓடினார்கள்.

"அழாதீர்கள் மதாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவானா?"

"வரமாட்டான். சாப்பாடு போட்டால்தான் வருவான்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். மல்லிகா சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது.

"எங்கே சாப்பாடு போடுகிறீர்கள்?" என்று கத்தினேன். அவர் பக்கத்து அறையைக் காட்டினார்.

நீளமான மேசை. இரண்டு பக்கமும் வேறொரு விமானத்தின் பயணிகள். தெற்கே ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்கள் என்று பிறகு தெரிந்தது. நடுவில், நாற்காலியில் சம்மணம் போட்டு, என் பிள்ளை.

எங்கள் ஊரில் கல்யாணத்திலும் கோயிலிலும் பந்தியில் ஓர் இடம் காலியாக இருந்தால் எந்தக் குழந்தையும் உட்கார்ந்துவிடும். யார் வீட்டுப் பிள்ளை என்று பரிமாறுகிறவர் கேட்கமாட்டார். இலை போடுவார். உப்பளத்தில் கல்யாண மாதங்களில் சேகர் என் கையால் தின்றதைவிடப் பந்தியில் தின்றதுதான் அதிகம். வரிசையாக உட்கார்ந்து மனிதர்கள் தின்பதைக் கண்டான்; ஓர் இடம் காலியாக இருந்தது; உட்கார்ந்துவிட்டான். இந்தப் பக்கத்தார் அவனை அந்தப் பக்கத்தார் பிள்ளை என்று நினைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்தார் பிள்ளை என்று. ஒரு கிழவி ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடித்துத் துப்பிய ஆலிவ் காய்கள் அவன் தட்டின் ஓரத்தில் அழகாக வரிசையில் இருந்தன.

பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அவர்களுடைய விமானத்தைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். பருமனான ஒருவர் சேகரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, "யாருடைய பையன் இவன்? விட்டுவிட்டுப் போகிறீர்களே!" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்னுடையவன்!" என்றேன். தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்தது.

பரிமாறுகிறவர் சிரித்தார். "இரண்டு தட்டு முடித்துவிட்டான், மதாம். இன்னும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்."

சேகர் என்னைப் பார்த்துக் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல், "அம்மா, பாயசம் இன்னும் வரல," என்றான்.

அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அந்தக் கை போய் அவனைக் கட்டிக்கொண்டது. ஆப்பிரிக்காப் பயணிகள் கை தட்டினார்கள். அந்த இடத்திலேயே மண்டியிட்டு, பையிலிருந்து துண்டை எடுத்து, அவன் இடுப்பில் மில் முடிச்சுப் போட்டேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணவில்லை.

திரும்பி வந்தபோது குஜராத்திப் பெரியவர் ஒரு கையில் கௌரியையும் மறு கையில் மல்லிகாவின் சடையையும் பிடித்துக்கொண்டிருந்தார். தன்னால் முடிந்த கட்டு.

விமானம் மறுபடி கிளம்பிய பிறகு நீலத் தொப்பிக்காரி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுடைய மகனும் சேகர் வயதுதான். நடைவழியில் முன்னும் பின்னும் ஓடி இரண்டு பேர் காப்பியைக் கவிழ்த்துவிட்டிருந்தான்.

"நான் சொன்னது உங்களுக்குப் புரிந்துவிட்டது, இல்லையா?"

"புரிந்தது."

"அது கொடுமை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்." ஓடுகிற மகனைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கும் கற்றுக்கொடுங்கள்."

மிச்சமிருந்த துண்டைக் கொடுத்தேன். முடிச்சை நான்கு முறை போட்டுக் காட்டினேன். அவள் விரலுக்கு அது வரவில்லை. கடைசியில் ரிப்பன் கட்டுவதுபோல் ஒரு பூமுடிச்சுப் போட்டாள். பையன் ஐந்தே நிமிடத்தில் அவிழ்த்துவிட்டு விமானியைப் பார்க்கப் போய்விட்டான்.

பிற்பகலில் சன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். மலைகள். அவற்றின் தலையெல்லாம் வெள்ளை. பனி! எட்டு வயதில் புழுக்கமான வகுப்பறையில் நின்று, பனி விழுகிறது, பனி மூடுகிறது என்று பிரெஞ்சில் 'நேழ்' பாட்டு ஒப்பித்திருக்கிறேன். டீச்சரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. உப்பளத்துப் பெண்ணுக்குப் பனி என்றால் மார்கழி மாதத்துப் புல் நனைகிற பனிதான். இது வேறு. உப்பளம் முழுவதும் உப்பைக் கொட்டிக் குவித்ததுபோல் இருந்தது. "மல்லிகா, எழுந்திரு, பாரு! நேழ்! நேழ்!" என்று அவளை உலுக்கினேன். விமானத்தில் பாதிப் பேர் விழித்துக்கொண்டார்கள். குஜராத்திப் பெரியவர் எட்டிப் பார்த்துக் கை கூப்பினார்.

பாரிசில் இறங்கியபோது மாலை. ஆனால் வெயில் நம் ஊர் மூன்று மணி வெயில். பெரியவர் லண்டனுக்குப் போகவேண்டியவர். கௌரியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வேறு வழியில் போனார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

தடுப்புக்கு அப்பால் பட்டாளத்துச் சட்டையில் என் கணவர் நின்றார். இளைத்திருந்தார். எங்களைக் கண்டதும் விரல் நீட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"மூணும் வந்துட்டாங்க," என்றேன். வேறு என்னென்னவோ சொல்ல வேண்டுமென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

மல்லிகா நேராக அவரிடம் போய், கவுன் பையிலிருந்து உருகிக் காகிதத்தோடு ஒட்டிப்போன மிட்டாயை நீட்டினாள். "இந்தாப்பா. அம்மா தம்பிய தொலைச்சிட்டாங்கப்பா!"

அவர் என்னைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம்தான்," என்றேன்.

"அண்ணன் எழுதியிருந்தாரு," என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அப்ப உனக்கு வேற பேரு வைக்கணுமே."

"வையுங்க. எதா இருந்தாலும் இங்க இருக்கறவங்க வாயில நுழையறதா பாத்து வையுங்க."

கௌரியை வாங்கிக்கொண்டார். அவள் அவருடைய பொத்தானைப் பிடித்து ஆராய்ந்தாள், அழவில்லை. சேகர்தான் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, யார் இந்த ஆள் என்று பார்த்தான். "வாடா," என்றார். வரவில்லை. அவர் கீழே குந்தினார். அவனுடைய இடுப்புக் கட்டைப் பார்த்தார். ஒரு கையில் கௌரி. மறு கையால் முடிச்சின் வாலைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். அவிழ்ந்தது.

"அத்தை குடுத்து அனுப்புன சேலையா?"

"சேலை அம்மாவோடது. முடிச்சு நான் போட்டது."

சேகர் தன் இடுப்பைப் பார்த்தான், அவர் கையைப் பார்த்தான். பயணம் முழுக்க அவன் அந்த முடிச்சோடு போராடியிருக்கிறான். அம்மாவைத் தவிர யாருக்கும் அது அவிழவில்லை. மெல்ல வெளியே வந்தான். துண்டின் முனையை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"கட்டு," என்றான்.

அவர் ஒரு முனையை அவன் இடுப்பில் கட்டினார். மறு முனையைத் தன் பட்டாளத்து பெல்ட்டில் போட்டு, ஒரே கையால் முடிந்தார்.

"சரி, என்னா பேரு வைக்கலாம்னு போய்க்கிட்டே யோசிப்போம்," என்று என்னிடம் சொன்னார். ஆனால் அவர் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. வலது பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் சிலர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சேகர் அதைப் பார்த்துவிட்டான். துண்டு விறைத்தது. நானும் மல்லிகாவும் சிரித்துக்கொண்டே பின்னால் நடந்தோம். எங்களுக்கு முன்னால் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா ஒருவரை என் மகன் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனான்.